மேஸ்திரியின் மத்தியான மூட்டை

மேஸ்திரி,

இன்று காலை வண்டியின் கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி மோந்து பார்த்தேன். மாதம் ஒருமுறை செய்யச் சொல்லியிருந்தீர்கள். கருகல் வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் வழுக்கித் தேய்கின்றன என்று பொருள். அடிக்கவில்லை. பதினோரு வருஷமாக அடிக்கவில்லை. இதுவரை எண்ணெயை மோந்த கையோடு உங்களை நினைப்பேன். இன்று உங்களோடு உங்கள் தம்பியையும் நினைக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி என்னிடம் வந்த கதையே நம்பும்படியானதல்ல. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவர், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த சின்ன லாரி. உலகைத் துறக்க வந்தவர் முதலில் துறந்தது அதைத்தான். காரணம் ஞானம் என்று நினைத்து நான் வாங்கினேன். காரணம் கியர் என்பது வாங்கிய மறுவாரம் தெரிந்தது. கிளச் மிதி கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. மாற்றிக்கொள்வதும் மாற்றிக்கொள்ளாததும் அதன் விருப்பம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் வந்தபோது இஞ்சின் அலறியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சாட்சி சொல்வதுபோல் பின்பக்கம் புகை வந்தது.

இந்த ஊரில் அந்தக் கியர் பெட்டியைத் திறக்க ஒப்புக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான். அதுவே எனக்கு முதல் சந்தேகம். இதற்கு முன் இப்படி ஒன்றைத் திறந்ததுண்டா என்று கேட்டேன். "தொறந்தா தெரிஞ்சிடும் சார்" என்றீர்கள். இரண்டாவது சந்தேகம்.

வாடகை நூல்நிலையத்தில் துப்பறியும் நாவல்களை அலமாரி அலமாரியாகப் படித்து முடித்தவன் நான். மனிதர்களைக் கவனிப்பதில் எனக்குத் தேர்ச்சி உண்டு என்பது என் எண்ணம். அமெரிக்கச் சாமானைக் கழற்றி விற்றுவிட்டு உள்ளூர் சாமானைப் போட்டு மூடினால் எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே செங்கம் சாலை ஷெட்டில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் உட்கார்ந்தேன். கையில் செய்தித்தாள், கண் உங்கள் கையில். உங்களிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த உங்கள் தம்பிதான் எனக்கு டீ வாங்கிவந்து கொடுப்பார். உங்களைவிட அவர் ஒரு தோள் உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு.

வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்பது என் சந்தேகத்தை வளர்த்தது. தேய்ந்த தட்டுகளை ஒரு கம்பியில் கோத்து வரிசை மாறாமல் மாட்டினீர்கள். அந்த வெள்ளைக்காரர் ஏற்றியது ஒரு பெட்டியும் படுக்கையும், நான் ஏற்றப்போவது முப்பது மூட்டை, பழையபடியே பூட்டினால் பத்து நாள் தாங்காது என்று விளக்கினீர்கள். தட்டுகளுக்கு இன்னும் தடித்த பட்டை ஒட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தட்டு கூடுதலாக வைக்க இடம் கடைந்து, எண்ணெய் சூடாறுவதற்கு உடைந்த ரேடியேட்டர் ஒன்றை வெட்டி முன்னால் பொருத்தினீர்கள். நான் கேட்காமலே இவ்வளவு செய்கிற மனிதர், எனக்குத் தெரியாமல் எவ்வளவு செய்வார் என்று யோசித்தேன்.

அப்புறம்தான் அந்த மூட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது பழைய வேட்டியில் எதையோ கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவீர்கள். நாலு மணிக்குத்தான் திரும்புவீர்கள். சாப்பாட்டுக்கு அவ்வளவு நேரமா? ஐந்து நாள் பார்த்தேன். ஐந்து நாளும் மூட்டை போயிற்று.

ஐந்தாம் நாள் மாலை சலூனில் பஸ் முதலாளியைப் பார்த்தேன். செங்கத்துக்கு இரண்டு பஸ் விடுகிறவர். இரண்டையும் இனி உங்களிடமே விடலாம் என்று இருப்பதாகச் சொல்லி, மேஸ்திரி எப்படி என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் பிறகு திருத்துவது சுலபமாக இருந்திருக்கும்.

"வேலைக்காரர்தான். மத்தியானம் வீட்டுக்குப் போறப்ப மூட்டைதான் கொஞ்சம் கனமா போவுது."

முகத்தில் சோப்பு நுரையோடு அவர் என்னைப் பார்த்தார். சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் உங்களைப் பின்தொடர்ந்தேன். நாவலில் வருகிறவர்கள் வெயிலில் வேர்ப்பதில்லை, நான் நனைந்துபோனேன். உங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் உங்கள் மனைவி கைக்குழந்தையை மடியில் போட்டு முறத்தால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் கொசுவலை கயிற்றுக் கட்டிலின் மேல் கட்டியிருந்தது. அதற்குள் சட்டையில்லாமல் நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே வெள்ளைத் துணி. துணியின் மேல் கியர் பெட்டியின் மூளை: எறும்புப் புற்றுபோல் உள்ளே எண்ணெய் ஓடும் வழிகள் வெட்டிய ஓர் உலோகப் பாளம், நகத்தளவு பிஸ்டன்கள், சுருள்கள், சின்னச் சின்னக் குண்டுகள்.

"அங்கேயே நில்லுங்கண்ணா," என்றார் உங்கள் மனைவி. "உள்ள வந்தா தூசியாம். என்னையே வுடல. புள்ளைய வெளிய போட்டுட்டு இரும்பைத் தூங்க வச்சிக்கினு இருக்காரு."

நீங்கள் வலைக்குள்ளிருந்து சிரித்தீர்கள். "ரோட்டு ஓரத்துல இத தொட முடியாது சார். ஒரு தூசி பூந்துச்சுன்னா உங்க வண்டி நம்ம கோயில் தேர்தான். ஊரே வந்து இழுக்கணும்."

வேலை எப்போது முடியும் என்று கேட்க வந்ததாகச் சொன்னேன். நீங்கள் அதை ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. சாருக்கு மெஷின்மேல் அவ்வளவு ஆசை, வேலை நடக்கிற இடத்தைவிட்டு நகரமாட்டார் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னீர்கள். கை கழுவச் சொல்லி எனக்கும் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.

மறுநாளே பஸ் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது? மூட்டையில் இருந்தது என் சாமான்தான், ஆனால் கொசுவலைக்குப் போயிற்று என்றா? ஊர் சிரிக்கும் என்று பயந்து, அவர் அதை மறந்திருப்பார் என்று முடிவு செய்தேன். அவர் மறக்கவில்லை. இரண்டு பஸ்ஸும் வேறு ஷெட்டுக்குப் போயின. அடுத்த மாதம் உங்கள் தம்பியும் கீழ்பென்னாத்தூருக்குப் போய்த் தனிக்கடை போட்டார். தொழில் கற்றுக்கொண்டவன் தனியே போவது வழக்கம்தானே என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவன், சந்தேகிக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

போன மாதம் உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பார்க்கப் போனபோது உங்கள் மனைவி சொன்னார்கள். எடுக்கிற அன்று தம்பி தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனாராம். பதினோரு வருஷம் பேச்சு இல்லையாம்.

"மூட்டை விஷயத்தை அவன்தான் பஸ்ஸுக்காரர்கிட்ட சொன்னான்னு இவருக்கு நெனப்புண்ணா. ஷெட்ல இருந்த ஆளு சொன்னதுன்னு பஸ்ஸுக்காரரே இவர்கிட்ட சொல்லியிருக்காரு. ஷெட்ல வேற யாரு இருந்தாங்க? நீங்களும் அவனும்தான். உங்களைப் போய் அப்படி நெனைக்க முடியுமா?"

முடியும் மேஸ்திரி. நினைத்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு தம்பியைத் தேடிப் போனேன். டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்துவந்து, கை துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். சலூன், சோப்பு நுரை, நான் சொன்ன வார்த்தை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அண்ணி அனுப்பிச்சாங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"இருக்கட்டும் சார். அண்ணன் போய்ட்டாரு, எனக்கு மனசு ஆறணும்னு யாரோ சொல்லி வந்துருக்கீங்க. நல்ல மனசு. ஆனா நீங்க எதுக்கு அப்படி சொல்லப்போறீங்க? தெனமும் அவர் கூடவே உக்காந்துருந்தவரு நீங்க."

சத்தியம் செய்தேன். நல்ல காரியத்துக்காகச் சத்தியம் செய்கிறவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து எனக்கு ஒரு டீ சொன்னார், சர்க்கரை ஜாஸ்தியாக. அவருக்கு நினைவிருக்கிறது. குடித்துவிட்டு வந்தேன்.

அன்று அரை வாக்கியம் சொன்னேன், ஒருவர் முகத்தைக்கூடத் துடைக்காமல் நம்பினார். நேற்று முழுக்கதையும் சொன்னேன், விலைபோகவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓடுகிற வண்டியும் ஒருவரும் வாங்கிக்கொள்ளாத இந்த உண்மையும்தான். வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். அதற்கடுத்த வெள்ளியும் போவேன். அவர் நம்பிவிட்டார் என்பது எனக்கு எப்படியும் தெரிந்துவிடும்: அன்றைக்கு எனக்கு டீ சொல்லமாட்டார்.