மைனர் கண்ணடித்த காலை

நாள் 211, காலை 8.10
செவ்வாய்க் கிரகம், இரண்டாம் நிலையம். எழுதுவது பொறியாளர் செண்பகவல்லி. உடன் இருப்பது ஜெபராஜ் அண்ணன், பாறை ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கிழக்குக் கதவின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு விடியற்குளிரில் வழக்கம்போலச் சிமிட்டி, வெயில் ஏறியதும் அடங்கியது. தினமும் இதே சேட்டை என்பதால் அதற்கு ‘மைனர்’ என்று பெயர். பூமியிலிருந்து எங்கள் மேலாளர் தில்லைநாயகம் சாரின் செய்தி: “என்னம்மா, மைனர் இன்னைக்கும் கண்ணடிச்சாரா? கண்டுக்காதீங்க, வயசுக் கோளாறு.” அண்ணன் வெகுநேரம் சிரித்தார்.

நாள் 212, காலை 7.40
ஜெபராஜ் அண்ணன் இறந்துவிட்டார்.

விளக்கு சிமிட்டியது. வெளியே போகக் கிளம்பி, கிழக்கின் இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள கதவறைக்குள் நின்று அண்ணன் ஒலிவாங்கியில் சொன்னது: “மைனரு கண்ணடிக்கான் தாயி. போய்ட்டு வாரேன்.” நான் உள்கதவைச் சாத்தினேன். அவர் தலைக்கவசம் மாட்டுவதற்குள் வெளிக்கதவின் ரப்பர் வளையம் பிய்ந்து, காற்றெல்லாம் வெளியேறிவிட்டது. அந்த அறையை இனித் திறக்க முடியாது. விண்ணுடைகள் இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன.

நாள் 230, மாலை
விசாரணை முடிவு வந்தது. “எச்சரிக்கை விளக்குக்குச் செல்லப்பெயர் வைத்து விளையாடியது அப்பட்டமான அலட்சியம். ஆபத்து யாருக்கும் தெரிந்திருக்கும்.” கூடவே தில்லைநாயகம் சார்: “எனக்கு அப்பவே அந்த வெளக்கு மேல ஒரு உறுத்தல். சொல்லிக்கிட்டே இருந்தேனேம்மா.”

சொல்லவில்லை. அவர் பொய்யரும் இல்லை. சொன்னதாக மனதார நம்புகிறார். அதுதான் வயிற்றெரிச்சல். இருநூறு காலை சிமிட்டியும் ஒன்றும் ஆகாத விளக்கு அது. ஒரு காலையை வைத்து மற்ற எல்லாக் காலைகளையும் திருத்திவிட்டார்கள்.

அதைவிடக் கேவலம், எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது: அன்று அது சிமிட்டியது கொஞ்சம் வேறுமாதிரிதானே இருந்தது? இல்லை. அதே சிமிட்டல்தான். பாவி, அதே சிமிட்டல்.

நாள் 301, பகல் 11.40
மீட்பு ஊர்தி மேற்குக் கதவோடு இணைந்து நிற்கிறது; விண்ணுடை இல்லாமலே ஏறிவிடலாம். புழுதிப் புயலால் வெயில் இல்லை. மேற்கு விளக்கும் குளிரில் சிமிட்டுவதுதான், இன்று அடங்கவில்லை. பூமியின் புதிய விதி: “சிமிட்டினால் கதவைத் தொடக் கூடாது.” ஊர்தியிலிருந்து ஓட்டுநர் மும்தாஜ்: “அக்கா, புயல் கிட்ட வந்துடுச்சு. இன்னும் பத்து நிமிஷம்தான் நிக்க முடியும். தெறக்கவா, வேணாமா?”

பூமியிடம் கேட்டால் பதில் வர அரை மணி ஆகும். இவர்கள் போய்விட்டால் அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து. சாப்பாடு நான்கு மாதத்துக்குத்தான் இருக்கிறது.

நாள் 301, பகல் 11.48
திறக்கச் சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, நான் பிழைத்திருந்தால் துணிச்சல்காரி என்பீர்கள். செத்திருந்தால், கண்ணெதிரே விளக்கு சிமிட்டியும் திறந்த முட்டாள். எதுவானாலும் “அப்பவே தெரியும்” என்பீர்கள். உங்கள் ‘அப்பவே’யில் தீ வைக்க. இதுதான் அப்போது. எனக்குத் தெரியவில்லை. மும்தாஜுக்கும் தெரியவில்லை.

வெளிக்கதவு நகர்கிறது. விளக்கு சிமிட்டுகிறது. ஆனால் இந்தச் சிமிட்டல் கொஞ்சம் வேறுமாதிரி