நான்கு முழம் மணல்

5 ஆகஸ்ட் 1949
என் வீட்டுக்காரர் மவுத்தாகி, நான் கைம்பெண்ணாகி எழுபத்தாறு நாள். துக்கம் காக்கும் இத்தா முடிய இன்னும் ஐம்பத்திரண்டு நாள். அதுவரை வாசல் தாண்டக் கூடாது. இப்போது பார்த்துக் கிணறும் கைவிட்டுவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் சண்முகத்தாய் இறைத்துத் தந்த தண்ணீரில் சோறு வடித்தேன். உப்பே போடவில்லை. அப்படியும் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை.

6 ஆகஸ்ட்
என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், தூத்துக்குடியிலிருந்து வந்தார். "தண்ணி இல்லாத வீட்டுல ஒத்தையில கெடந்து என்னளா செய்வே? இத்தா முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்திரு" என்றார். உம்மா எனக்குத் தந்த வீடு இது. பூட்டுவதா?

9 ஆகஸ்ட்
சித்திரையில் கிணற்றில் வாளி சேற்றைத் தட்டியது. மூன்று வருஷமாக ஆற்றுத் தண்ணீர் எங்கள் ஊர்க் கடைக்குளம் வரை வரவில்லை, கிணற்று ஊற்றும் இறங்கிவிட்டது. நான்தான் அவரை அரித்தேன் — ஆழப்படுத்துங்கள், ஆழப்படுத்துங்கள் என்று. கிணறு வெட்டும் சொரிமுத்துவைக் கூட்டி வந்தார். தானும் கூட இறங்கி நான்கு முழம் தோண்டினார். தண்ணீர் மளமளவென்று ஏறியது. தெருவே வந்து மொண்டது. அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் கையால் செய்த கடைசி வேலை அது.

12 ஆகஸ்ட்
அவர் லாத்தா என்று கூப்பிடும் அக்கா, ரஹ்மத்துன்னிஸா மைனி, சொரிமுத்துவுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். இத்தாவில் அந்நிய ஆணோடு பேசலாமா என்று எனக்குக் கலக்கம். தேவைக்குப் பேசலாம் என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னாராம். கதவுக்குப் பின்னால் நின்றேன்.
"அம்மா, இங்கன மணலுக்குள்ள நல்ல தண்ணி மேல கெடக்கு, உப்புத் தண்ணி அடியில கெடக்கு. நாங்க தோண்டித் தோண்டி உப்புல போயி நின்னுட்டோம். தோண்டின நாலு முழத்தையும் மணலைப் போட்டுத் தூத்திருங்க. மேலாக்க கொஞ்சமா மொண்டா நல்ல தண்ணிதான்."
"இதை அன்னைக்கே சொல்லதுக்கு என்ன?"
"சொன்னேம்மா. மொதலாளி கேக்கல."
மவுத்தானவர் மேல் பழி போடுகிறாரே! கதவைச் சாத்திவிட்டேன்.

13 ஆகஸ்ட்
அவர் தோண்டியதை நான் தூர்ப்பதா? மாட்டேன்.
ஆனாலும் சொரிமுத்து சொன்னது பொய்யில்லை. நான் அரித்த அரிப்பில் அவர் யார் பேச்சைக் கேட்டிருப்பார்?

19 ஆகஸ்ட்
சண்முகத்தாய் தோப்புக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்தாள். இறக்கி வைத்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுங்கம்மா, அழுங்க. எத்தனை குடம் அழுதாலும் அதுவும் உப்புத் தண்ணிதான்" என்றாள். பிறகு மெல்ல, "மொதலாளி கெணத்துக்காகவா தோண்டினாரு? நீங்க குடிக்கத்தானம்மா" என்றாள்.
மைனியிடம் சொரிமுத்துவை வரச் சொன்னேன்.

22 ஆகஸ்ட்
கூடை கூடையாக மணல் விழுந்தது. பொறுக்காமல் கதவுக்குப் பின்னாலிருந்து சொரிமுத்துவிடம் கேட்டேன்: "நான் சொல்லித்தானே அவுக தோண்டினாக?"
"இந்த வருசம் எட்டுக் கெணறு தோண்டினேம்மா. எட்டும் உப்பு. எட்டு வீட்டுலயும் நீங்களா போய்ச் சொன்னீங்க?"
சிரித்துவிட்டேன். அவர் போனபின் இன்றைக்குத்தான்.

5 செப்டம்பர்
காலையும் மாலையும் மெல்ல மெல்ல இறைத்துக் கொட்டினோம். இன்று நாக்கில் வைத்தேன். கரிப்பு இல்லை. இன்னொரு வாய். இல்லை, இல்லவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

18 செப்டம்பர்
மலையில் நல்ல மழையாம். ஆறு பெருகி, கடைக்குளத்துக்கும் தண்ணீர் வந்துவிட்டதாம். வந்தாலும் நம் கிணற்றில் வீட்டுக்கு நாலு குடம்தான் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அஸ்மா ஐந்தாவது குடத்தோடு நின்றாள்.
"மாமி, மூஸா மாமா இருந்தா தருவாங்க."
"தருவாங்கதான், ஏளா. தந்துட்டு எங்கிட்ட ஏச்சும் வாங்குவாங்க."
குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபடி போனாள்.

30 செப்டம்பர்
இத்தா முடிந்து நான்கு நாள். சாமான் ஏற்ற மாட்டுவண்டியோடு காக்கா வந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். செம்பைப் பார்த்தார். இன்னொரு செம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டு வாசலில் நின்ற வண்டிக்காரனைப் பார்த்து, "ஏலே, மாட்டை அவுத்துக் கட்டு. சாமான் ஒண்ணும் ஏத்தாண்டாம்" என்றார்.
மாட்டுக்கும் நம் கிணற்றுத் தண்ணீர்தான் வைத்தோம்.