அண்ணன் விற்ற கார்டு

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை, அதைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அப்பா செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று ஒரு வரி வருகிறது. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். எங்காவது உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் தங்கை கம்ப்யூட்டர் கட்டிய கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உனக்குப் பாதிதான் தெரியும். நீ போனில் குரலாக இருந்தாய். நான் இங்கே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முழுக்க அவள் ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் கறுப்பு மை. சோப்பு போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்தது போகாது. தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால் போக மாட்டாள். சேர்த்ததை வைத்துக்கொண்டு எதை வாங்குவது, எதை விடுவது என்று அவள் பட்ட பாடு ஒரு வீடு கட்டுகிறவன்கூடப் பட்டிருக்க மாட்டான். கலர் கலராக விளக்கு எரிகிற கேபினட் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அதை ஒரே நாளில் தள்ளிவிட்டு, விளக்கா விளையாடப் போகுது என்று சொல்லி, தகர டப்பா மாதிரி இருந்த ஒன்றை எடுத்தாள். மானிட்டர் வாங்கக் கட்டுபடியாகவில்லை. கூடத்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அன்றிலிருந்து செய்தியைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்கிறார்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே, அது போனால் கூட இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும் என்று நீதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். வாஸ்தவமான பேச்சு. அதனால் அதில் நல்லதாகவே வாங்கினாள். மதர்போர்டு, ரேம், பிராசசர் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் அண்ணன் சொன்னான், அண்ணன் சொன்னான். பிராசசரில் மட்டும் உன்னோடு சண்டை போட்டு, அதிலேயே படம் வரும் வகையைத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மற்றதெல்லாம் உன் வாக்குத்தான். நான் பெற்ற பெண் ஒரு மாதம் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் கிராபிக்ஸ் கார்டு, பெரிய விளையாட்டெல்லாம் திரையில் ஓட வேண்டுமானால் அது வேண்டுமாம். புதியதின் விலையைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாதாம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கைவிடும்போதுதான் நீ பேசினாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது, நானும் கேட்டேன். "என் கார்டையே எடுத்துக்கோ. நான் வேற வாங்கப் போறேன். உனக்குன்னா பாதி விலை." அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சும்மா வாங்கவில்லை, காசு கொடுத்து வாங்குகிறேன் என்பதில் இன்னும் பெருமை. பார்த்தீர்களா, பிள்ளைகள் எப்படி வளர்ந்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் நான் வேறு பீற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது.

உன் நீல ஸ்வெட்டரில் சுற்றி வந்தது பார்சல். கண்ணாடிக் கடையில் நான் லென்ஸ் மாட்டுகிற சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி அவளே மாட்டினாள். ரேமை அழுத்தும்போது நறுக்கென்று ஒரு சத்தம். உடைந்தே போனது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படித்தான் சத்தம் வரும் என்று என்னைத் தேற்றினாள். உன் கார்டின் ஸ்க்ரூத் தலைகள் தேய்ந்து கீறியிருந்ததை நான் பார்த்தேன். நாள் முழுக்க ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுகிறவள் கண்ணுக்கு அது தப்புமா? தூசி துடைக்கக் கழற்றியிருப்பான் என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முறையே ஓடியது. அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரித்தாள். அப்பாவையும் விளையாட்டில் கார் ஓட்டச் சொன்னாள். அவர் ரோட்டை விட்டு நேராகக் கடைக்குள் விட்டார். அப்படி ஒரு சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு நாளாயிற்று.

அந்த வாரம் முடிவதற்குள் திரையெல்லாம் கட்டம் கட்டமாகப் பச்சையும் ஊதாவும் வந்தது. பிறகு ஒரே இருட்டு. உனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நீ சரியா மாட்டியிருக்க மாட்ட. எல்லாத்தையும் கழட்டித் திரும்ப மாட்டு."

கழற்றினாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள். தகர விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மாட்டினாள். நாளெல்லாம் இதே வேலை. கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டு, எனக்கு இதெல்லாம் வராதும்மா என்றாள். கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தவள், வேறு ஏதாவது படிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நான்தான் விடாமல் அவளை ரிப்பேர் கடைக்கு இழுத்துப் போனேன். அந்தக் கடைக்காரர் கார்டைத் தன் மெஷினில் போட்டார். அதே பச்சைக் கட்டம். பிரித்துப் பார்த்தார். இது முன்னாடியே செத்துப்போன கார்டு, சூடு காட்டி ஒட்டி, புது பேஸ்ட் தடவி, ஓடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள், விற்றவனுக்குத் தெரிந்துதான் விற்றிருக்கிறான் என்றார். யாரிடம் வாங்கினாய் என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். இவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆன்லைனில் யாரோ, பேர் தெரியாது என்றாள். பொய் சொன்னால் அவள் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்திருந்தது. திரும்பும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா."

நீ அவளை ஏமாற்றினாய். அவள் உன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

கார்டு கெட்டால் கெடட்டும், மெஷின்தானே. காசு போனால் போகட்டும். ஆனால் கெட்டது உன் பொருள் என்று தெரிந்தும், நீ சரியாக மாட்டவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ அவளுக்குப் போன் செய்து, தப்பு அவளுடையது இல்லை என்று சொல். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அதைச் சொல்லும்வரை என்னோடு பேசாதே.

இப்படிக்கு,
அம்மா

---

பெரியவனுக்கு,

இதற்குள் இன்னொரு உறை இருக்கிறது. அது போன மாதம் நான் உனக்கு எழுதியது. இந்த முகவரியில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா கையில்தான் கிடைத்தது. உன் பெயரையும் அந்த முத்திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கார்டு விஷயத்தை அப்போதுதான் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரை இரண்டு முறை கேட்டாள். அவர் இங்கிருந்து போய் ரொம்ப நாளாகிறதே என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான்தான் தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தப்பான நம்பர் என்று சொன்னவள் நான்.

பிறகு உன்னோடு அறையில் இருந்த பையனைப் பிடித்தேன். முதலில் மென்று விழுங்கினான். நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். உன் பிரிவையே மூடிவிட்டார்களாம். நீ யாரிடமும் மூச்சு விடவில்லையாம். நாற்காலியை விற்றாய், மானிட்டரை விற்றாய், கம்ப்யூட்டரைப் பிரித்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக விற்றாய். கார்டு மட்டும் கோளாறு என்று யாரும் வாங்கவில்லை. வீடியோ பார்த்து நீயே சூடு காட்டிச் சரிசெய்தாயாம். "ஒரு நாள் ஓடுச்சு ஆன்ட்டி. இனிமே ஓடும்னு அவன் நிஜமாவே நம்பினான்" என்றான். நம்பினாயா, நம்ப வேண்டியிருந்ததா என்று உனக்குத்தான் தெரியும். இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குகிறாய், அதன் பின்கட்டிலேயே படுத்துக்கொள்கிறாய் என்றான். இந்த முகவரியும் அவன் கொடுத்ததுதான். அவனைத் திட்டாதே.

இதையெல்லாம் கேட்டதும் என் கோபம் ஓடிப்போயிருக்கும் என்று நினைக்கிறாயா? இரண்டு மடங்காகிவிட்டது. மேனேஜர் தங்கமானவர், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று நீ வாராவாரம் அளந்துவிட்டதை நம்பி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலை போவது குற்றமா? அப்பாவுக்குப் போகவில்லையா? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் வேலை போய் வீட்டில் இருந்தாரே, நாம் அவரை என்ன வெளியிலா தள்ளினோம்? வேலை போயிடுச்சும்மா என்று இரண்டு வார்த்தைகூட வராத உனக்கு, கையெல்லாம் மையாக நிற்கிற தங்கையிடம் காசு வாங்க மட்டும் கை வந்தது. இது என்ன ரோஷம்? எனக்குப் புரியவே இல்லை.

அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். நீ பட்ட கஷ்டத்தையெல்லாம் கேட்டு முடித்தாள். அப்புறம் முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்போ நான் சரியாத்தான் மாட்டினேனா?"

ஆமாம் என்றேன். இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னேன். அதற்குப் பிறகுதான் உனக்காக அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது. அவள் கோபம் என்னுடையதைவிட மோசம். நேரில் வந்து நிற்கும்வரை உன்னோடு பேச மாட்டாளாம். போன வாரம் ஒரு வார்த்தையும் எழுதாமல் நீ அவள் பேங்க் கணக்குக்கு அனுப்பிய காசைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சாப்பிட்டானா இல்லையா என்று தெரியாத ஆளிடம் இருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்றாள்.

அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டாள். கார்டு இல்லாமலே எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறாள். பிராசசரிலிருந்தே படம் வருகிறது. பெரிய விளையாட்டெல்லாம் அதில் நகராதாம். பூச்சி மாதிரி ஏதோ ஒன்று தாண்டித் தாண்டிக் குதிக்கிற சின்ன விளையாட்டை ஆடுகிறாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியும் விட்டாள். கம்ப்யூட்டர் படிப்புக்குத்தான்.

அப்பா உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. இங்கே உன் அறையில் இருந்த மூட்டை முடிச்சையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார், ஒட்டடை அடித்தார், கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்தார்.

நான் சொல்ல வேண்டியதில் பாதியைக்கூட இன்னும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் காகிதத்தில் எவ்வளவுதான் திட்டுவது? கை வலிக்கிறது, கோபம் குறைய மாட்டேன் என்கிறது. எதிரில் ஆள் இருந்தால்தான் எனக்குத் திட்ட வரும். அதனால் கிளம்பி வா. வேலை கிடைத்த பிறகு வருகிறேன், காசு சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று கதை சொல்லாதே. இருக்கிற சட்டையோடு வா. வந்து என் எதிரில் நின்று வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொள். உன் தங்கையிடமும் வாங்கிக்கொள். வாங்கி முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அதுவரைக்கும் பெட்டி தூக்கும்போது முதுகை வளைத்துத் தூக்காதே. முழங்காலை மடக்கித் தூக்கு.

இப்படிக்கு,
கோபம் தீராத
அம்மா