ரோசம்மா சட்டியில் வெந்த காளான்

30.10.1979, செவ்வாய்

காலையில் மழை விட்டதும் ஓரகத்தி ரோசம்மா ஓடைக்கரையில் மடி நிறையக் காளான் பறித்து வந்தாள். வரப்புச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. முற்றத்தில் அவள் கொட்டியபோதே பார்த்துவிட்டேன். நாங்கள் தின்கிற புற்றுக்காளானுக்குப் புற்றுக்குள் இறங்கும் நீள வேர் உண்டு. இவற்றுக்கு வேரே இல்லை. குடைக்கு அடியில் பச்சை ஓடியிருந்தது.

பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று தீப்பெட்டிக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தேன். குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. அப்போதும் எழவில்லை. அவள் பிள்ளைகள் மூன்றும் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் ஓடிப்போய்ச் சட்டியைக் கவிழ்த்தேன்.

"ஏட்டி, எம்பிள்ளைக சோத்துல மண்ணப் போடுதியா?" என்று கரண்டியால் அடித்தாள்.

"அது விசக்காளான்டி! ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரிஞ்சிருந்தா பறிச்சிட்டு வரும்போதே சொல்லதுக்கென்ன?"

திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் முகத்தில் இனி முழிக்க மாட்டேன். ஆனால் நான் போவதற்குள் அவள் சின்ன மகள் ஒரு வாய் தின்றுவிட்டாளா என்று கேட்காமல் வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டில், இந்த ராத்திரியில் யாரோ எழுந்து கொல்லைக்கதவைத் திறக்கிறார்கள்.