காதுக்கான சொட்டு மருந்து

வீட்டுக்காரிக்கு,

உன் கண்ணில் காது மருந்தை விட்டது நான்தான். நீ புட்டியை மாற்றிக் கொடுத்ததாக மகளிடம் சொன்னது பொய். அவள் உன்னைத் திட்டித் தன் வீட்டுக்கு அழைத்துப்போனபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அன்று நீ கண்ணாடி வாங்கச் சொன்னபோது, “தெருக்கோடி பஸ் நம்பரே தெரியுது, எனக்கெதுக்குக் கண்ணாடி?” என்றேன். “பஸ்ஸையா என் கண்ணுல ஊத்தப் போறீங்க?” என்றாய். லேபிளில் எறும்புபோல எழுத்தை அச்சடித்தவனையும் யாராவது கேட்க வேண்டும்.

கண் டாக்டரிடம் போய்க் காட்டினேன்; எனக்குத் தூரப்பார்வையாம். கிட்டத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையைத் தாண்டி விழுகிறதாம். கான்டாக்ட் லென்ஸ், லேசர் என்றெல்லாம் டாக்டர் அடுக்கினார். கண்ணாடி போதும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

உன் கண் சிவப்பு வடியும்வரை மகளே உனக்கு மருந்து விடட்டும். இந்தக் கடிதத்தை அவளே உனக்கு வாசிக்கட்டும். பொய் சொன்ன வரியை இரண்டு முறை. நாளை நான் கண்ணாடியோடு வந்து வாசலில் நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரன்