உன் பங்கு முட்டை

அண்ணி,

உன் நீலப் புடவையின் முந்தானை முடிச்சில் ஒரு முட்டை ஓடு இருந்தது. நகத்தளவு துண்டு. உன் பிள்ளையின் தூளி கிழிந்துவிட்டது, பெட்டியிலிருந்து உன் புடவை ஒன்றை எடுக்கும்படி நேற்றுக் காலை அம்மா சொன்னாள். முடிச்சை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்க்கோடியில் தாய்சேய் நிலையம் திறந்தபோது உனக்கு மூன்று மாதம். மெட்ராஸில் யாரோ தர்மத்துக்குத் தரும் பணம் என்றார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தினம் ஒரு அவித்த முட்டை. நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் வாலாஜாபாத்துக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். நம் தெருவுக்கு அதுவரை எதுவும் வந்ததில்லை.

நீ அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நாலு பேர் முன்னால் தனியாக வாய் அசைக்க உனக்குக் கூச்சம். வீட்டில் பசியோடு ஆள் இருக்கும்போது தான் மட்டும் தின்றுவிட்டு வருவது நம் தெருப் பெண்களுக்குப் பழக்கமும் இல்லை. முந்தானையில் முடிந்து எடுத்து வருவாய். எனக்காக.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நாற்று நட வந்த முதல் வருஷம் அது. ஒரு நாள் சேற்றிலேயே மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து உன் முட்டை என்னுடையதாகிவிட்டது.

"இன்னா நாத்தனாரே, மொறைக்கிற? துண்ணு. எனக்கு கவிச்சி அடிக்குது, கொமட்டுது."

"நர்சம்மா கேட்டா இன்னா சொல்வ?"

"உள்ள கீறவன் ஏப்பம் வுட்டான்னு சொல்றேன். நீ துண்ணுடி."

சிரித்துக்கொண்டே தின்றேன்.

ஒரு நாள் முட்டை முடிச்சுக்குள்ளேயே நசுங்கிவிட்டது. எனக்கு வழித்துக் கொடுத்துவிட்டு நீ தோட்டத்துப் பக்கம் போனாய். தண்ணீர் எடுக்க வந்த நான் பார்த்தேன். முந்தானையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை நீ நக்கிக்கொண்டிருந்தாய். குமட்டுகிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாளும் கொண்டுவந்தாய். மறுநாளும் நான் தின்றேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வலி கண்டதும் உன்னை ஏற்றிய மாட்டுவண்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. உனக்கு உதிரம் நிற்கவில்லை. "உடம்புல ரத்தமே இல்லையேம்மா, இத்தினி நாளா இந்தப் பொண்ணு என்னதான் சாப்பிட்டுச்சு?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். அம்மா அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

நேற்று மதியம் பணம் தருகிறவர்கள் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா கோபமில்லாமல்தான் பேசினார். இத்தனை நாள் முட்டை கொடுத்தும் இங்கே யாருக்கும் ரத்தம் ஏறவில்லை, இதை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்றார். நிலையத்து நர்சம்மா கணக்கு நோட்டைப் புரட்டினாள்.

"எங்க அண்ணி துண்ணல. நான்தான் துண்ணேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, இப்போது அவளும் மாசமாக இருக்கிறாள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "கம்முனு இருடி. மானத்த வாங்காத."

ஆனாலும் நிறுத்தவில்லை. "தெனம் எனக்குக் குடுத்துட்டு அது வெறும் வயித்தோட கெடந்துச்சி. எல்லார் வூட்லயும் இப்டித்தான். வூட்டுக்கும் எதனா குடுங்க. அப்பத்தான் அவங்க பங்க அவங்க துண்ணுவாங்க."

என் கையை விட்டுவிட்டுக் கன்னியம்மாவே முணுமுணுத்தாள். "எங்க வூட்ல என் மாமியா துண்ணுது. வாயில பல்லே இல்ல, முட்ட மட்டும் எப்டியோ உள்ள பூடுது."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குத் தனியாகச் சத்துமாவு தருகிறோம், முட்டையை மட்டும் இங்கேயே சாப்பிட வேண்டும், இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார்.

நான் பேசியது பெரிய காரியமில்லை, அண்ணி. நீ இருக்கும்போது பேசியிருக்க வேண்டும்.

இன்று காலை கன்னியம்மாவை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்களுக்கு அவள் தெரியாதபடி நான் வாசலை மறைத்து உட்கார்ந்தேன். கடைசி வாய் உள்ளே போகும்வரை எழுந்திருக்கவில்லை.