பொஷ் கதையும் கட்டுமரமும்

மச்சான்,

இன்று காலை கைபேசியைத் திறந்தால் பழைய வகுப்புக் குழுவில் ஒரு செய்தி. 'நியூஸ்' என்ற சொல் நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளால் ஆனதாம். கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக. அப்படியல்ல, 'புதிய' என்று பொருள்படும் 'நியூ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எழுத விரல் போனது. ஆங்கில வாத்தியாருக்கு வேறென்ன வேலை? ஆனால் உன் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே கைபேசியை வைத்துவிட்டேன்.

நீ என் வகுப்புத் தோழன். என் தங்கையைக் கட்டிய பிறகு முறைப்படியும் மச்சான். பாசிக்குடாவில் ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவாய். நிழல் பக்கமாக அவர்களை இருத்திவிட்டு, ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பொஷ்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்த கதையைத் தொடங்குவாய். அந்தக் காலத்துத் துரைமார் வெயில் படாமலிருக்க, கப்பலில் இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்பார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் பொஷ் என்பாய். விடுமுறையில் கூட வரும் நான், "அதுக்கு ஆதாரம் ஒண்டும் இல்லடா" என்பேன்.

"ஆதாரத்தையா ஏத்திட்டுப் போறம்? ஆக்களத்தானே."

பிறகு வினை வந்தது. வள்ளக்காரர் இல்லாததையெல்லாம் சொல்கிறார் என்று வயதான விருந்தாளி ஒருவர் மனேஜரிடம் முறையிட்டுவிட்டார். இன்னொரு முறைப்பாடு வந்தால் ஆட்களை வேறு வள்ளத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார் மனேஜர். உனக்கோ வேறு வருமானம் இல்லை. வாயை மூடிக்கொண்டாய். வள்ளத்தில் எஞ்சின் சத்தம் மட்டும்தான், எனக்கே சப்பென்றிருந்தது.

"உண்மையான கதை ஒண்டு இருக்கு, அதச் சொல்லு. கட்டமரான் எண்டுறது நம்மட கட்டுமரம்தான்" என்றேன்.

கரையில் பாயும் பளபளப்புமாக நின்ற, கட்டமரான் என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஹோட்டலின் இரட்டைப் படகைப் பார்த்தாய். "நாலு மரத்தச் சேத்துக் கட்டினதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம் மச்சான்? என்ட புளுகெல்லாத்தையும் விடப் பெரிய புளுகு இது."

எவ்வளவு சொல்லியும் நீ நம்பவில்லை.

அடுத்த வாரம் விருந்தாளிகளோடு மனேஜரும் ஏறினார், சும்மா காற்று வாங்கவாம். எதற்கென்று நமக்குத் தெரியாதா? நீ சொற்களின் கதை சொல்வாய் என்று விருந்தாளிகளிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண் அந்த இரட்டைப் படகைக் காட்டி, கட்டமரான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீ மனேஜரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். தமிழ்ச் சொல் என்று என் மச்சான் சொல்கிறார், எனக்குத் தெரியாது என்றாய். பழி முழுவதும் என் தலையில். அந்தப் பெண் கைபேசியில் தேடினார். தமிழ்தான் என்று சொல்லி, திரையை மனேஜரிடம் நீட்டினார். மனேஜர் தலையாட்டினார். உன் தொழில் தப்பியது.

பொஷ் கதையும் திரும்பி வந்தது, 'இது பொய், ஆனால் நல்ல பொய்' என்ற முன்னுரையோடு. ஆட்கள் முன்னைவிடக் கூடச் சிரித்தார்கள்.

ஆனால் அன்று வள்ளத்தைக் கரையேற்றும்போது நீ சிரிக்கவில்லை. "நம்மட எண்டதாலதான் மச்சான் அதப் பொய்யெண்டு நினைச்சன். வெள்ளக்காரன்ட எண்டா ஒரு கேள்வியும் கேக்காம நம்பினன்" என்றாய்.

அன்று நீ வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. எனக்கும் அந்த வியாதி உண்டு. போன மாதம் பழுகாமத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, ஆங்கிலக் கட்டுரையில் தன் தகப்பனின் வயல்வெளியை நம்மூர்ச் சொல்லால் 'வட்டை' என்றே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனா தானாக எழும்பியது. ஏன் வெட்டுகிறேன், பிழை என்பதாலா, நம்முடையது என்பதாலா என்று யோசித்தேன். பிறகு அந்தச் சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் சரி போட்டேன்.